ஒரே பாட்டு எதற்குப் பத்துத் தடவை?

ரொட்டிக்கடை அண்ணிக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அதெல்லாம் நன்றாகவே தெரியும். பார்க்கமாட்டாள், அவ்வளவுதான். ஓவன் இருக்கிற பின்னறைச் சுவரில் ஒரு கடிகாரம் தொங்கத்தான் செய்கிறது. அது நின்று எத்தனையோ காலம் ஆகிறது. பேட்டரி மாற்ற வேண்டுமே என்று ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. ஓவனில் நேரம் வைக்கிற திருகு ஒருநாள் கையோடு கழன்று வந்துவிட்டது. அதை அவள் மாவு டப்பா மூடிக்குக் கைப்பிடியாகப் பொருத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். ஆனாலும் அந்தக் கடையில் ஒரு ரொட்டி கருகியதில்லை. நடுவில் மாவாக ஒட்டியதும் இல்லை.

"எப்படி அண்ணி?" என்று யாராவது கேட்டால் வலது கையை விரித்துக் காட்டுவாள். "எல்லாம் இது பண்ற வேலை."

தெருவே அவளை அண்ணி என்றுதான் கூப்பிடும். வீட்டுக்காரரின் தம்பி, கொழுந்தன் ஒருத்தன் கூப்பிடப்போய், அவளைவிடப் பத்து வயது மூத்த பக்கத்துக் கடைத் தையல் மாஸ்டர் வரைக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. அந்தக் கையைப் பற்றி வாங்க வருகிறவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். சூட்டைக் கையாலேயே அளப்பாளாம். ரொட்டி வெந்ததும் உள்ளங்கையில் அரிப்பு எடுக்குமாம். அண்ணி மறுக்கவும் மாட்டாள், ஆமாம் என்றும் சொல்லமாட்டாள். லேசாகச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பிலேயே இன்னும் இரண்டு கதை முளைக்கும்.

உண்மை என்னவென்றால் விஷயம் கையில் இல்லை, காதில் இருந்தது.

அவள் வீட்டுக்காரருக்குப் பாட்டுப் பைத்தியம். தெருவில் அவர் பேர் ரேடியோ. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே சேர்த்த கேசட், குறுந்தகடு எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி, ஒரு டிஸ்க் நிறைந்ததும் இன்னொரு டிஸ்க், அதுவும் நிறைந்ததும் இன்னொன்று என்று கல்லாப்பெட்டிக்கு அடியில் வயரும் டிஸ்க்குமாகக் குருவிக்கூடு மாதிரி வைத்திருந்தார். அதில் 'கடை' என்று ஒரு ஃபோல்டர். காலையில் கதவைத் திறந்ததும் அதைத் தட்டிவிட்டால் மூடுகிறவரை கடையிலும் பின்னறையிலும் வரிசையாகப் பாடும். தினமும் அதே பாட்டு, அதே வரிசை.

அண்ணி ரொட்டித் தட்டை ஓவனுக்குள் தள்ளுவது புல்லாங்குழல் பாட்டு ஆரம்பிக்கும்போது. வெளியே இழுப்பது சிரிப்புப் பாட்டு முடியும்போது. அந்தப் பாட்டின் கடைசியில் பாடுகிற பெண் பொறுக்கமாட்டாமல் கலகலவென்று சிரித்துவிடுவாள். அந்தச் சிரிப்பு கேட்டதும் தட்டை இழுக்கிற துடுப்பை உள்ளே விட்டால் ரொட்டி பொன்னாக வரும். குழலுக்கும் சிரிப்புக்கும் நடுவில் என்னென்ன பாட்டு வர வேண்டும் என்பதை ரொட்டியே பல வருஷமாகச் சொல்லிச் சொல்லித் திருத்தியிருந்தது. அண்ணி ரேடியோவிடம் போய், "ஏங்க, அந்த நீளப் பாட்டை எடுத்துட்டு இருமல் பாட்டைப் போடுங்களேன்" என்பாள். "அந்தச் சிரிப்புப் பாட்டை இன்னொரு வாட்டி இங்க சேருங்களேன்" என்பாள். அவரும் முகமெல்லாம் பல்லாகச் சேர்த்துக் கொடுப்பார். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. சொன்னால் கையின் பேர் போய்விடுமே!

இப்படி ஓடிக்கொண்டிருந்த இடத்தில்தான் கொழுந்தன் ஒரு பெட்டியோடு வந்தான்.

கொழுந்தனுக்கு அலுவலகங்களில் கம்ப்யூட்டர் இணைப்புக் கொடுக்கிற வேலை. தங்கமான பிள்ளை, கைசுத்தமான வேலைக்காரன். ஒரு குறை, எங்கே எது கலைந்து கிடந்தாலும் அவனால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. கல்லாப்பெட்டிக்கு அடியில் கிடந்த குருவிக்கூட்டைப் பார்க்கும்போதெல்லாம் குனிந்து ஒரு வயரையாவது சுற்றிக் கட்டிவிட்டுத்தான் நிமிர்வான்.

"அண்ணே, இதுல ஒண்ணு போனாலும் போச்சு. பாதிப் பாட்டு அம்பேல்."

"வாயை வைக்காதடா."

"அதுக்குத்தான் இது. ஸ்டோரேஜ் பெட்டி. உள்ள நாலு டிஸ்க் இருக்கு. ஒண்ணு போனாலும் மத்தது காப்பாத்திரும். வைஃபை பக்கத்துல வச்சிட்டாப் போதும், கடையில, வீட்டுல, உன் போன்ல, எங்க வேணும்னாலும் பாடும்."

"குளிக்கிற ரூம்ல?"

"அங்கயும் பாடும். நீயும் கூடப் பாடாம இருந்தாச் சரி."

பாட்டு மாறும் படலம் ஆரம்பித்தது. பழைய டிஸ்க்குகளிலிருந்து புதுப் பெட்டிக்குப் பாட்டு ஏற ஏறத் திரையில் ஒரு கோடு ஊர்ந்தது. ரேடியோ பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற தகப்பன் மாதிரி அதன் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். இன்னும் ஒரு நாள் ஆகும் என்று காட்டும். அவர் எழுந்து ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் இன்னும் அரை மணி நேரம் என்று காட்டும். சந்தோஷப்பட்டு வாயைத் திறப்பதற்குள் இன்னும் மூன்று நாள் என்று காட்டும்.

"என்னடா இது, வீடு கட்டுற மேஸ்திரி மாதிரி பேசுது?"

"அது அப்படித்தான் அண்ணே. நம்பவும் கூடாது, திட்டவும் கூடாது."

ஒருவழியாக எல்லாம் ஏறி முடிந்தது. அண்ணி பன்னுக்கு மாவு உருட்டிக்கொண்டிருந்தபோது கொழுந்தன் பின்னறைக்குள் தலையை நீட்டினான்.

"அண்ணி, ஒரே பாட்டு நிறைய தடவை இருக்குன்னு பெட்டி சொல்லுது. ஒவ்வொண்ணுலயும் ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்தை எடுத்துடலாமா?"

"குப்பைன்னா எடுத்துடு தம்பி. அதுக்கு என்னை எதுக்குக் கேக்கிற?"

அவளுக்கு அது உறைக்கவே இல்லை. குற்றம் சொல்லவும் முடியாது. முதல் தட்டுச் சிரிப்பும் மூன்றாம் தட்டுச் சிரிப்பும் ஒரே பாட்டு என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஒன்று காலை, ஒன்று மத்தியானம். இரண்டும் எப்படி ஒன்றாகும்? தவிர அவள் மனசு அன்றைக்கு வேறு எங்கோ இருந்தது.

மறுநாள் ஒருத்தி வருவதாக இருந்தது. ஊருக்கு நடுவில் இருக்கிற அடுமனைப் பயிற்சிப் பள்ளியின் மேடம். அண்ணியின் கையைப் பற்றிக் கேள்விப்பட்டு, நேரில் ஒருமுறை பார்த்து, ரொட்டியையும் ருசி பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் வாரம் ஒருநாள் வகுப்பெடுக்கக் கூப்பிடலாம் என்று சொல்லியிருந்தாள். அண்ணி பள்ளிக்கூடத்தை விட்டபோது எட்டாவது கூட முடித்திருக்கவில்லை. கரும்பலகைக்கு இந்தப் பக்கமே கொஞ்ச நாள்தான் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும்? ஒரே ஒரு தடவை நின்று பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மாஸ்டரிடம் வெள்ளைத் துணி கொடுத்து, பை வைத்த புது ஏப்ரன் ஒன்று தைக்கச் சொல்லியிருந்தாள்.

கொழுந்தன் பெட்டியில் கால்வாசி இடம் மிச்சமாகிவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னான். பெட்டியின் குப்பைத் தொட்டியையும் காலி பண்ணிவிட்டானாம். அண்ணி "கெட்டிக்காரன்" என்று ஒரு பன்னை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

மறுநாள் காலை குழல் பாடியது, முதல் தட்டு உள்ளே போனது, சிரிப்பு வந்தது, தட்டு வெளியே வந்தது. வழக்கம்போலப் பொன். ரேடியோ அதைக் கடைக்குக் கொண்டுபோய் வைத்ததும் வாங்க வந்தவர்கள் சூடு ஆறுவதற்குள் வழித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"மேடத்துக்கு ஒண்ணு எடுத்து வச்சீங்களா?"

"அவங்க மத்தியானம்தானே வராங்க? புதுசாச் சுட்டுக் குடு. ஆறின ரொட்டியா குடுப்பே?"

அதுவும் நியாயம்தான். அண்ணி இரண்டாம் தட்டை எடுத்து நின்றாள். குழல் வரவில்லை. ஏதோ வீணை வந்தது. சரி, பெட்டி புதுசு, கொஞ்சம் பழகட்டும் என்று தட்டை உள்ளே தள்ளினாள். தள்ளிவிட்டுப் பாத்திரம் கழுவினாள், மேசை துடைத்தாள், மேடத்திடம் என்ன பேசுவது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அடுத்த பாட்டு வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. சிரிப்பு வருமே, வரட்டும், வரட்டும் என்று காத்திருந்தாள். சிரிப்பு வரவில்லை, புகைதான் வந்தது.

துடுப்பை விட்டு இழுத்தால் தட்டு முழுக்கக் கரி. ரேடியோ ஓடி வந்து பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார்.

"என்னம்மா ஆச்சு? கைக்கு உடம்பு சரியில்லையா?"

"கண்ணு பட்டிருக்கும்" என்றாள் அண்ணி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. மெதுவாகக் கொழுந்தன் பக்கம் போனாள். அவன் லீவு போட்டுவிட்டுக் கல்லா ஓரம் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான்.

"ஏன் தம்பி, அந்தச் சிரிப்புப் பாட்டு எங்க?"

"இருக்கே அண்ணி. காலைலயே பாடிச்சே."

"அது காலைல பாடினது. இப்பப் பாட வேண்டியது எங்க?"

கொழுந்தன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "ரெண்டும் ஒண்ணுதான் அண்ணி. ஒரே பாட்டு எதுக்குப் பத்துத் தடவை? நேத்து உங்களைக் கேட்டுட்டுத்தானே எடுத்தேன்?"

அண்ணிக்கு அப்போதுதான் உச்சந்தலையில் இடி இறங்கியது. குழல் போச்சு, சிரிப்பு போச்சு, நடுவில் திரும்பத் திரும்ப வருகிற இருமல் பாட்டு, மழைப் பாட்டு, சண்டைப் பாட்டு எல்லாம் போச்சு. முதல் தட்டுக்கு மட்டும் எல்லாம் இருந்தது. அதற்கப்புறம் பொக்கை வாய் மாதிரி வரிசை முழுக்க ஓட்டை. குப்பைன்னா எடுத்துடு என்று சொன்னது யார்? இவளேதான். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை.

சரி, கடிகாரம் பார்த்துச் சுடலாம் என்றால் எத்தனை நிமிஷம் என்று யாருக்குத் தெரியும்? அவள் ஒருநாளும் எண்ணியதில்லையே! மூன்றாம் தட்டை உள்ளே தள்ளிவிட்டு ஒரு காரியம் செய்தாள். கதவைச் சாத்திக்கொண்டு தானே பாட ஆரம்பித்தாள். குழலை 'தூ தூ' என்று ஊதினாள். இருமல் பாட்டில் கேட்டுக்கொண்டிருக்கிற யாரோ ஒருத்தர் இருமுகிற இடத்தில் மறக்காமல் இருமினாள். மழைப் பாட்டில் மேசையைத் தட்டி இடி இடித்தாள். கடைசியில் அந்தப் பெண்ணைப் போலவே கலகலவென்று சிரித்தும் வைத்தாள்.

கதவுக்கு வெளியே ரேடியோவும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டாக்டரைக் கூப்பிடவா அண்ணே?"

"இரு, இன்னொரு வாட்டி சிரிச்சாக் கூப்பிடுவோம்."

பாடியது சரிதான். ஆனால் பயத்தில் வாய் குதிரை மாதிரி ஓடிவிட்டது. தட்டை இழுத்தால் ரொட்டி வெளுத்துப்போய், விரலை வைத்தால் விரல் உள்ளே போய், மாவு ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு தட்டு கரி, ஒரு தட்டு களி. இன்னும் ஒரே ஒரு தட்டுக்குத்தான் மாவு பொங்கி நின்றது. மேடம் எந்த நிமிஷமும் வந்துவிடலாம்.

அந்த நேரம் பார்த்துத் தையல் மாஸ்டர் கடைக்குள் நுழைந்தார். கையில் புது ஏப்ரன். அதன் பைக்கு மேலேயே இஸ்திரிப் பெட்டி உட்கார்ந்த அடையாளம், பழுப்பாக, அச்சு எடுத்த மாதிரி.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. தப்பு என்னுது இல்ல, உங்களுது."

"என்னுதா? நானா இஸ்திரி போட்டேன்?"

"உங்க கடைப் பாட்டுக்கு என்ன வந்துச்சு? காலைல ரெண்டாவது வாட்டி அந்தப் பொண்ணு சிரிக்கும்ல, அது வரைக்கும் பெட்டி சூடாகட்டும்னு விட்டுட்டு, சிரிச்சதும் பிளக்கைப் பிடுங்குவேன். பல வருஷமா அப்படித்தான். இன்னிக்கி அவ சிரிக்கவே இல்லையே! பெட்டி பழுக்கக் காஞ்சது தெரியாம உங்க துணி மேல வச்சுட்டேன்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் மாடி வீட்டு டீச்சர் பையோடு மூச்சிரைக்க வந்தாள். பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினவள், பஸ் இல்லாமல் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"ஏன் அண்ணி, இன்னிக்கி இருமல் வரவே இல்ல? சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தா, அந்த ஆள் இருமினதும்தான் நான் செருப்பு மாட்டுவேன். இருமட்டும், இருமட்டும்னு உக்காந்திருந்தா பஸ்ஸு போயிடுச்சு! மத்தியான வகுப்புப் பிள்ளைங்க என்னைத் தேடிட்டு இருப்பாங்க."

அண்ணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கையில் கரி, முகத்தில் மாவு. உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று எல்லோரும் பயந்தார்கள். ஆனால் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் ஒருத்திதான் திருடின்னு நெனச்சேன்" என்றாள். "தெருவே கூட்டுக் களவாணியா?"

பிறகு எல்லாவற்றையும் கொட்டினாள். கையும் இல்லை, பக்குவமும் இல்லை. குழல் கேட்டால் தள்ளுவேன், சிரிப்புக் கேட்டால் இழுப்பேன், அவ்வளவுதான் என்றாள். மாஸ்டர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். டீச்சர், "உள்ளங்கை அரிக்கும்னாங்களே!" என்று கேட்டாள். "சோப்புப் போட்டுக் கழுவாட்டி அரிக்கும்" என்றாள் அண்ணி.

ரேடியோ மட்டும் சிரிக்கவில்லை. மூஞ்சி தொங்கிப்போய் நின்றார்.

"ஏங்க, உங்களுக்கு என்ன?"

"இல்ல, அந்தச் சிரிப்புப் பாட்டை இன்னொரு வாட்டி போடுங்க, இன்னொரு வாட்டி போடுங்கன்னு கேப்பியே. கல்யாணமான புதுசுல நான் உனக்குப் பாடிக் காட்டின பாட்டாச்சே, என்னை நெனச்சுத்தான் கேக்கிறேன்னு இருந்தேன்."

"ரொட்டியை நெனச்சுக் கேட்டேன்."

"அதான் தெரியுதே."

"ரொட்டி வெந்ததும் முதல் துண்டைப் பிச்சு யார் வாயில வைக்கிறேன்?"

ரேடியோ யோசித்தார். "என் வாயில."

"தினமும் எத்தனை வாட்டி?"

"சிரிப்புப் பாட்டு எத்தனை வாட்டியோ அத்தனை வாட்டி" என்று சொல்லும்போதே அவருக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. மாஸ்டர் கூரையைப் பார்த்துக்கொண்டு செருமினார்.

கொழுந்தன் அதற்குள் பரபரவென்று லேப்டாப்பைத் திருப்பினான். "அண்ணி, கவலையே படாதீங்க. பழைய டிஸ்க்கை இதுக்குத்தான் பத்திரமா வைக்கச் சொன்னேன். அதுல எல்லாம் அப்படியே இருக்கும். அண்ணே, எங்க அது?"

ரேடியோ மெல்ல நகர்ந்து அண்ணிக்குப் பின்னால் போய் நின்றார்.

"அண்ணே?"

"நீதானேடா சொன்னே, பழைய டிஸ்க்குல இனிமே பேக்கப் எடுக்கணும்னு? உனக்கு வேலை மிச்சமாகட்டுமேன்னு காலைலயே எல்லாத்தையும் சுத்தமா அழிச்சு வச்சிட்டேன்."

"பேக்கப் எடுக்கிறதுக்கு முன்னாடியேவா?"

"எள்ளுன்னா எண்ணெயா நிக்கணும்னு அம்மா சொல்லுவாங்கல்ல."

கொழுந்தன் தலையில் கை வைத்துக்கொண்டான். கேட்காமல் அழித்தது அண்ணன், கேட்டுவிட்டு அழித்தது தம்பி, அழி என்று சொன்னது அண்ணி. யார் யாரைத் திட்டுவது? அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி. பாட்டு எதுவும் சாகல. எல்லாத்துலயும் ஒண்ணு ஒண்ணு இருக்கு. எது எப்ப வரணும்கிறதுதான் போச்சு. யாருக்காவது வரிசை ஞாபகம் இருக்கா?"

"ஒண்ணு முடிஞ்சா அடுத்தது தானா வாயில வரும். மொத்தமாக் கேட்டாச் சொல்லத் தெரியாது" என்றாள் அண்ணி.

"அப்போ ஒண்ணு முடியிற இடத்தைப் போடுறேன். அடுத்தது என்னன்னு சொல்லுங்க. முதல்ல மேடத்துக்கான தட்டு. மத்தியானம் வர்ற வரிசை."

மாவு மேசையில் லேப்டாப் ஏறியது. குழல் பாட்டின் கடைசியைப் போட்டான்.

"இருமல்!" என்று கத்தினாள் டீச்சர்.

"இல்ல டீச்சர், மத்தியானம் குழலுக்கு அப்புறம் மழை" என்றார் மாஸ்டர். "நான் பித்தான் தைக்கிற நேரம். எனக்குத் தெரியாதா?"

"உங்க பித்தானைத் தூக்கிப் போடுங்க. இருமல்தான். என் பஸ்ஸு அதுல போகுது."

"மழை முதல்ல, இருமல் பின்னால" என்றாள் அண்ணி கண்ணை மூடிக்கொண்டு. "மழையில நனைஞ்சாத்தானே இருமும்?"

கொழுந்தன் மழையைப் போட்டு அதன் பின்னால் இருமலைக் கோத்தான். இருமல் முடிகிற இடம் வந்ததும் ரேடியோ சண்டைப் பாட்டு என்றார். "அதுல அவ 'போடா'ன்னு சொல்லும்போதுதான் நான் டீ வாங்கப் போவேன்." ரொட்டி வாங்க வந்து நின்ற ஒரு கண்ணாடி போட்ட அம்மாகூட, "சண்டைக்கு அப்புறம் உடனே சிரிப்பு வந்தா நல்லா இருக்குமே" என்றாள்.

"அதேதான் வரும்!" என்றாள் அண்ணி. "எப்படிச் சொன்னீங்க?"

"சண்டை போட்டா சமாதானம் ஆகணும்ல?"

கொழுந்தன் கோத்து முடித்தான். மாவெல்லாம் அப்பிய விரலால் ஒரு தட்டுத் தட்டினான். குழல் எழுந்தது. அண்ணி இஸ்திரி அடையாளம் விழுந்த புது ஏப்ரனையே மாட்டிக்கொண்டு, கடைசித் தட்டை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

அதற்கப்புறம் ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. மழை பெய்தது. இருமல் வந்ததும் எல்லோரும் சேர்ந்து இருமினார்கள். டீச்சர் பழக்க தோஷத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு, அடுத்த பஸ்ஸுக்கு ஓடினாள். "எனக்கு ஒரு துண்டு எடுத்து வைங்க!" என்று வாசலிலிருந்து அவள் குரல் வந்தது. சண்டைப் பாட்டில் 'போடா' வந்ததும் ரேடியோவின் கால் தானாக டீக்கடைப் பக்கம் திரும்பியது. மாஸ்டர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். சிரிப்புப் பாட்டு ஆரம்பித்தது. அண்ணி துடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இது கரியாகவோ களியாகவோ வந்தால் கரும்பலகைக்கு அந்தப் பக்கம் இந்த ஜென்மத்தில் இல்லை.

பெண் கலகலவென்று சிரித்தாள். அண்ணி கதவைத் திறந்து இழுத்தாள்.

பொன்! ஓரத்தில் கொஞ்சம் அடர்ந்த பொன், நடுவில் இளம் பொன். தட்டினால் உள்ளே காலியான டப்பா மாதிரி 'டொக்' என்றது. மாஸ்டர் விசில் அடித்தார். ரேடியோ வாயைத் திறந்து முன்னால் வந்து நின்றார். அண்ணி வெட்கப்படாமல் முதல் துண்டைப் பிய்த்து, ஊதி, எல்லோர் எதிரிலும் அந்த வாயில் வைத்தாள்.

"அடுத்த துண்டு எனக்குக் கிடைக்குமா?" என்றாள் கண்ணாடி போட்ட அம்மா.

"கொஞ்சம் பொறுங்கம்மா. பயிற்சிப் பள்ளியிலேர்ந்து ஒரு மேடம் வராங்க. அவங்களுக்குத்தான் முதல்ல எடுத்து வைக்கணும். இன்னும் காணோமே."

"மழையா இருமலான்னு கேக்கும்போதே வந்துட்டேனே" என்றாள் அவள். "நீங்க எல்லாரும் பஸ்ஸுக்கும் பித்தானுக்கும் சண்டை போட்டுட்டு இருந்தீங்க. நடுவுல எப்படிப் பேர் சொல்றது?"

அண்ணிக்குத் துடுப்பு கையிலிருந்து நழுவியது. கொழுந்தன் பிடித்துக்கொண்டான். மேடம் ஏப்ரனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பைக்கு மேல் இருந்த இஸ்திரிப் பெட்டி அச்சை. அண்ணி அதைக் கையால் மறைக்கப் போய், மறைக்காமல் கையைக் கீழே விட்டாள். மறைத்தது போதும் என்று தோன்றியது.

"மேடம், உள்ளதைச் சொல்லிடறேன். நீங்க கேள்விப்பட்ட கை இது இல்ல. எனக்கு எத்தனை நிமிஷம், எத்தனை டிகிரின்னு எதுவும் தெரியாது. பாட்டைக் கேட்டுச் சுடறேன். பாட்டு இல்லேன்னா என்ன வரும்னு அங்க பாருங்க." கரித் தட்டையும் களித் தட்டையும் காட்டினாள்.

மேடம் ஒரு துண்டு எடுத்துக் கடித்தாள். மென்றாள். இன்னொரு துண்டு எடுத்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை.

"ஏதாவது சொல்லுங்கம்மா, எங்களுக்குப் படபடன்னு வருது."

"எங்க பள்ளியில ஒவ்வொரு ஓவனுக்கும் டைமர் இருக்கு. அது 'பீப்'னதும் பிள்ளைங்க தட்டை இழுப்பாங்க. ரொட்டி நல்லாத்தான் வரும். ஆனா இழுக்கும்போது ஒருத்தர் முகத்துலயும் சிரிப்பு இருக்காது." அவள் மூன்றாவது துண்டை எடுத்தாள். "திங்கக்கிழமை வாங்க. அந்தப் பெட்டியையும் கொண்டு வாங்க."

"பெட்டியைத் தூக்கிட்டு வர வேண்டாம் மேடம்" என்றான் கொழுந்தன், மார்பு இரண்டு அங்குலம் உயர. "அது இங்கயே இருக்கும். உங்க வகுப்புலயும் பாடும். நான் இணைச்சுக் குடுக்கறேன்."

"ஆனா கரும்பலகை உண்டா மேடம்?" என்றாள் அண்ணி.

"பெரிசா ஒண்ணு இருக்கு. அதுல என்ன எழுதப் போறீங்க?"

"ஒண்ணும் எழுதமாட்டேன். சும்மா அதுக்கு முன்னால நிப்பேன்."

சாயங்காலம் டீச்சர் திரும்பி வந்து தன் துண்டை வாங்கிக்கொண்டு, காலை வரிசையில் இரண்டு தப்பைத் திருத்திக் கொடுத்துவிட்டுப் போனாள். மாஸ்டர் பித்தான் நேரத்துக்கு மழைப் பாட்டை இன்னொரு முறை சேர்த்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தார். அவருக்காக ரஸ்க் தட்டோடு அதைச் சேர்த்துவிட்டார்கள். கொழுந்தன் அழித்துச் சுத்தமாக இருந்த பழைய டிஸ்க்கில் பேக்கப் ஓடவிட்டான். இன்னும் இரண்டு நாள் என்று காட்டியது. ரேடியோ நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் எதிரில் உட்கார்ந்தார்.

அப்போது லேப்டாப்பில் டிங் என்று ஒரு கேள்வி வந்து நின்றது.

"அண்ணி, பெட்டி மறுபடியும் கேக்குது. ஒரே பாட்டு நிறைய தடவை இருக்காம். எடுத்துடலாமான்னு."

"இங்க காட்டு."

'வேண்டாம்' என்று இருந்த இடத்தில் அண்ணி தானே விரலை வைத்து அழுத்தினாள். திரையில் மாவு ஒட்டிக்கொண்டு ஒரு வெள்ளை ரேகை நின்றது. கொழுந்தன் துடைக்கத் துணியை எடுத்தான்.

"அதையும் விட்டு வை தம்பி" என்றாள் அவள்.